மாடித் தக்காளிக்கு ருசி வருமா?

கேள்வி: நாராயண்காவ் தக்காளிச் சந்தை இருக்கும் மாவட்டத்தில்தான் குடியிருக்கிறேன். ஆனாலும் ரசத்தில் ஊர் ருசி வரவில்லை. மாடியில் நானே வளர்த்தால் வருமா?
– ஒரு வாசகி, கோத்ரூட், புனே

பதில்: கட்டாயம் வரும்! சந்தைத் தக்காளி லாரியில் நசுங்காமல் போவதற்காக வளர்வது. நிறம் திரும்பும்போதே பறித்துவிடுவார்கள். உங்கள் தக்காளிக்கோ மாடிப்படி இறங்குவது மட்டுமே பயணம், செடியிலேயே சிவக்கட்டும்.

முதலில் விதை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 போடுங்கள். காயின் காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்கும். அதை அழகுக்குறை என்று நினைக்காதீர்கள். அந்தப் பச்சைக்குக் காரணமான மரபணு பழத்தில் சர்க்கரை சேரவும் உதவுகிறது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். ஒரே சீராகச் சிவக்கும் பல ரகங்களில் அது பழுதாகிவிட்டது.

அடுத்தது பருவம். புனே மழையில் இலைக்கருகல் வாட்டும். செப்டம்பரில் விதைத்து, அக்டோபரில் இருபது லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். ஆறு மணி நேர வெயில் அவசியம். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிரும் பகல் வெயிலுமாகப் பழம் நிதானமாகப் பழுக்கும்.

காய் பிடிக்கும்போது தண்ணீர் சீராக வேண்டும். விட்டுவிட்டு ஊற்றினால் அடி கறுக்கும். நிறம் திரும்பியதும் செடி வாடாத அளவுக்குக் குறையுங்கள். தண்ணீர் கூடினால் ருசி நீர்த்துவிடும்.

பறித்ததை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் மணம் குறையும். நேராக ரசச் சட்டிக்கே கொண்டுபோங்கள்!