கொத்தனாரைக் கவனித்திருக்கிறீர்களா?

அரியலூர் வாசகர்: பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் புராடக்ட் மார்க்கெட்டிங் வேலைக்கு இன்டர்வியூ. “ஊர் ஊரா விக்கப் போறதுக்கா இன்ஜினீயரிங் படிச்சே?” என்கிறார் அப்பா. என்ன சொல்ல?

விற்பவர் வேறு ஆள். பொருள் யாருக்கு, எதற்கு, என்ன விலைக்கு, போட்டிக்காரரை விட்டு ஏன் இதை வாங்க வேண்டும்? இந்த நான்குக்கும் பதில் கண்டுபிடித்து, விற்பவர் கையில் கொடுப்பது உங்கள் வேலை. அப்பாவுக்குப் புரியும்படி இதைச் சொல்லிவிட்டால், முதல் ரவுண்டு அங்கேயே முடிந்தது.

செந்துறை வாசகி: எத்தனை ரவுண்டு இருக்கும்?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் முதலில் ஹெச்.ஆர். போன், பிறகு மேனேஜர், அடுத்து ஒரு பொருளைக் கொடுத்து ‘திட்டம் போட்டு வாருங்கள்’ என்பார்கள், கடைசியில் சேல்ஸ், புராடக்ட் ஆட்களுடன் பேச்சு. திட்டம் போடும் ரவுண்டுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அங்கே மனப்பாடம் உதவாது.

பெரம்பலூர் வாசகர்: “புதிய செயலியை எப்படி அறிமுகம் செய்வீர்கள்?” என்று கேட்டால்?

எடுத்த எடுப்பில் ரீல்ஸ், விளம்பரம் என்று இறங்காதீர்கள். முதலில் ஆளைச் சொல்லுங்கள். சின்ன வெங்காய விலை காட்டும் செயலி என்று வைத்துக்கொள்வோம். செட்டிகுளம் பக்கத்து விவசாயி விலை இறங்கிக் கிடந்தால் வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமித்துக் காத்திருப்பார். நாளாக ஆக எடை குறையும், அழுகலும் சேரும். ஆகவே இன்றைய விலை மட்டும் அவருக்குப் போதாது. ‘இன்னும் வைக்கலாமா, இன்றே தள்ளிவிடலாமா’ என்ற கணக்கு வேண்டும். அதைச் சொன்ன பிறகு எந்த ஊரில், யார் மூலம் தொடங்குவது என்று போங்கள். வெற்றியை டவுன்லோடு எண்ணிக்கையால் அளக்காதீர்கள். விற்கும் முன் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று அளங்கள்.

அரியலூர் வாசகி: எங்கள் ஊரில் சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும்தான். உதாரணத்துக்கு எங்கே போக?

எங்கும் போகாதீர்கள். சிமென்டுக்குப் பணம் தருபவர் வீட்டுக்காரர். கையாளுபவர் கொத்தனார். “இந்த மூட்டையே வாங்குங்க” என்று சொல்வதும் பல வீடுகளில் அவர்தான். அதனால்தான் சிமென்ட் கம்பெனிகள் கொத்தனார்களுக்குத் தனிக் கூட்டம் போடுகின்றன. அலுவலக சாஃப்ட்வேரும் அப்படியே: பணம் முதலாளியுடையது, கையாளுபவர் கணக்காளர், சிபாரிசு ஐ.டி. மேனேஜருடையது. மூவருக்கும் மூன்று விதமாகப் பேசத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

ஜெயங்கொண்டம் வாசகர்: தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் தடுமாறுகிறது.

சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். சுருங்கச் சொல்வது இந்த வேலையில் பலம். ஆனால் எழுத்து ஆங்கிலம் கட்டாயம் தேவை. தினமும் ஒரு பொருளைப் பற்றி 100 சொற்களில் எழுதுங்கள். மறுநாள் அதையே 30 ஆக்குங்கள்.

குன்னம் வாசகர்: போட்டிக் கம்பெனியை மட்டம் தட்டிப் பேசலாமா?

கூடவே கூடாது. அதன் வாடிக்கையாளர் எங்கே வருந்துகிறார் என்று பாருங்கள். 2010இல் வாடிக்கையாளர் சேவை சாஃப்ட்வேர் விற்கும் ஜென்டெஸ்க் விலையை ஏற்றியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் ஒரு வாய்ப்பைப் பார்த்தார் திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம். சென்னையில் அவருடைய போட்டி நிறுவனம் ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தை ஏறியது.

ஆலத்தூர் வாசகி: “நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றால்?

“கடைசியாக உங்களை விட்டுப் போன வாடிக்கையாளர் ஏன் போனார்?” என்று கேளுங்கள். பதிலிலிருந்து அந்தக் கம்பெனியையே எடைபோட்டுவிடலாம்.

வேப்பந்தட்டை வாசகர்: நாளை மறுநாள் இன்டர்வியூ. இன்று என்ன செய்ய?

கேள்வி-பதில் தொகுப்புகளை மூடி வையுங்கள். அவர்களுடைய பொருளை நீங்களே பயன்படுத்துங்கள். பிறகு அதைப் பயன்படுத்தும் இரண்டு பேரிடம் பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு தைரியமாகப் போய் உட்காருங்கள்.