எதிர்வீட்டுத் தாமதமும் சொந்த வீட்டுப் பரம்பரையும்

குழந்தை மருத்துவத்தில் ‘வளர்ச்சித் தாமதம்’ என்பது, உட்காருதல், நடத்தல், பேசுதல், பிறரோடு பழகுதல் முதலிய திறன்களை ஒரு குழந்தை அதன் வயதுக்குரிய காலவரம்புக்குள் எட்டவில்லை என்பதை மட்டுமே குறிக்கும்; அதற்கான காரணத்தையோ குழந்தையின் எதிர்காலத்தையோ அது கூறுவதில்லை. மருத்துவமனையை விட்டுத் தெருவுக்கு வந்ததும் இக்கலைச்சொல் எப்படி வழங்குகிறது என்பதை விளக்க, தெருக் குழந்தைகள் அனைவரின் வயதையும் மாதக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருக்கும் பெருமைநாதருக்கும் குழந்தைநல மருத்துவர் ஒருவருக்கும் இடையிலான கற்பனை உரையாடல் இங்குத் தரப்படுகிறது.

பெருமைநாதர்: டாக்டர், எதிர்வீட்டுக் குழந்தைக்கு 13 மாதம் நிறைந்தும் நடை வரவில்லை. வளர்ச்சித் தாமதம்தான் என்று தெருவுக்கே எடுத்துரைத்து, அதன் தாய் இரவில் உறங்காதிருக்க வேண்டிய ஏற்பாடுகள் அனைத்தும் செய்தாயிற்று.

மருத்துவர்: ஐயா, இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிமானமின்றி நடப்பது ஏறத்தாழ 8 மாதம் முதல் 17½ மாதம் வரை எப்போது வந்தாலும் இயல்பே, ஆகவே அக்குழந்தைக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் அவகாசம் உண்டு.

பெருமைநாதர்: அது தவழவே இல்லையே!

மருத்துவர்: அதே ஆய்வில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடை பயின்றன, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் படிகளின் பட்டியலில் தவழ்தல் என்னும் இனமே நீக்கப்பட்டுவிட்டது.

பெருமைநாதர்: அறிவியல் இப்படி விட்டுக்கொடுக்கலாம், முன்னோர் விடவில்லை. ஐந்தாம் மாதம் தலையசைத்தாடும் செங்கீரைப் பருவம், ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணிப் பருவம் என்று பிள்ளைத்தமிழுக்கு மாதம் குறித்தே இலக்கணம் வகுத்தனர்.

மருத்துவர்: அது பாடும் முறைக்கு வகுத்த இலக்கணம், அதிலும் பாட்டியல் நூல்கள் எல்லா மாதங்களிலும் ஒத்துப்போவதில்லை. வருகைப் பருவம் குழந்தையை ‘வருக’ என்று அழைப்பதற்கு உரியதே தவிர, வராத குழந்தையைப் பற்றித் திண்ணையில் தீர்ப்பளிப்பதற்கென்று அதில் ஒரு பருவமும் அமைக்கப்படவில்லை.

பெருமைநாதர்: போகட்டும். வீட்டில் பேரனுக்கு இரண்டரை வயதாகிறது. ஒரு சொல்லும் பேசுவதில்லை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. ஆனால் அதைத் தாமதம் என்று கூறலாகாது. அவன் தாத்தாவே மூன்று வயதில்தான் வாய் திறந்தார் என்பது குடும்ப வரலாறு.

மருத்துவர்: அந்த மூன்று ஆண்டு நட்டத்தைத் தாத்தா வட்டியோடு ஈடுசெய்து வருவது தெரிகிறது. எனினும், இரண்டு வயதுக்குள் இரண்டு சொற்களையாவது சேர்த்துப் பேசாமையும் அழைத்தால் திரும்பாமையும் காத்திருக்கத் தகாத அறிகுறிகள். முதலில் செவித்திறனைச் சோதித்து, பின்தங்கல் மொழியில் மட்டுமா, பிற திறன்களிலும் உண்டா என்று ஆராய வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கியிருந்தால் அதனை ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்பர். அதுவும் நிலையான முத்திரை அன்று. சில குழந்தைகள் பின்னர் எட்டிப்பிடிக்கின்றன, சில குழந்தைகளுக்கு ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ பிற்பாடு உறுதியாகிறது, எந்நிலையிலும் பயிற்சியை முன்கூட்டித் தொடங்குவதே நன்மை தரும்.

பெருமைநாதர்: சோதனைக்கு அழைத்துச் சென்றால் எதிர்வீட்டார் என்ன நினைப்பார்கள்?

மருத்துவர்: அவர்களைப் பற்றித் தாங்கள் நினைத்ததையே நினைப்பார்கள், ஆனால் தங்களைப் போல் தெருவுக்கு எடுத்துரைக்கும் திறன் அவர்களுக்கு இல்லாதது பேரனின் நல்லூழ்.

அயல்வீட்டில் அவதூறாகவும் சொந்த வீட்டில் பரம்பரைப் பெருமையாகவும் ஒரே சொல் உருமாறும்போது, தேவையற்ற இடத்தில் அச்சமும் தேவையான இடத்தில் அலட்சியமும் விளைகின்றன. இவற்றுள் குழந்தைக்குப் பெருங்கேடு செய்வது இரண்டாவதே. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்காக 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத்திட்டம், வளர்ச்சித் தாமதத்தைத் தான் கண்டறியும் நான்கு வகைக் குறைகளுள் ஒன்றாகக் கொண்டு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களின் வழியே கட்டணமின்றிச் சோதனையும் பயிற்சியும் அளிக்கிறது. ஐயம் எழுந்த வீட்டார் செல்ல வேண்டிய இடம் அதுவே.