சர் பட்டமும் ஈமுக் கோழியும்

1906ஆம் ஆண்டு சென்னப்பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்கு இரண்டு வேலைகள். மாலையில் கடற்கரைக் கூட்டத்தில் வெள்ளைக்காரனைத் திட்டுவது. மறுநாள் காலையில் போய் அதே வெள்ளைக்காரனிடம் பணம் போடுவது. இதில் முரண்பாடு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. சுதேசி என்பது வேட்டிக்குத்தான், வட்டிக்கு அல்ல.

பணம் போன இடம் அர்பத்நாட் கம்பெனி. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்ன காலம் அது. மற்ற வங்கிகளைவிட அர்பத்நாட்டில் வட்டி கூடுதல். தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். 'சர்' பட்டம் வாங்கியவர், கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய், "துரை, ஊரில் இல்லாத வட்டியை நீங்கள் மட்டும் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? ஓய்வுபெற்ற அதிகாரிகள் கேட்கவில்லை. வக்கீல்கள் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் எதிர்க்கட்சி சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பிழிந்தெடுக்கிறவர்கள், டெபாசிட் ரசீதை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

வட்டி எங்கிருந்து வந்தது? இங்கே சேர்ந்த பணம் கப்பலேறி லண்டனுக்குப் போனது. அங்கே பாட்ரிக் மக்ஃபேடியன் என்ற பங்காளி அதைக் கொண்டுபோய்ச் சூதாட்டத்துக்கு நெருங்கிய சொந்தமான வியாபாரங்களில் விட்டார். அக்டோபர் 20ஆம் தேதி அவர் லண்டனில் ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். 22ஆம் தேதி திங்கட்கிழமை, சென்னையில் அர்பத்நாட் கதவைச் சாத்தினார்கள். அதே மாதம் 16ஆம் தேதிதான் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்திருந்தார். கப்பல் மிதக்குமா என்று பட்டணத்துக் கனவான்கள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில், மூழ்கவே மூழ்காது என்று அவர்கள் சத்தியம் செய்த வங்கி முழுகிப்போனது.

சும்மா சொல்லக்கூடாது, நீதி கிடைத்தது. சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். வெள்ளைக்கார சர் ஒருவரை வெள்ளைக்கார அரசாங்கமே ஜெயிலுக்கு அனுப்பியதைப் பார்த்து மக்கள் பணம் போன துக்கத்தைக் கொஞ்சம் மறந்திருக்கலாம். பின்னி கம்பெனியும் அந்த அதிர்ச்சியில் ஆட்டம் கண்டு வேறு கைக்கு மாறியது. பணத்தைத் தொலைத்தவர்களுக்காக வாதாடிய வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் சேர்ந்து, இனி நம் பணம் நம்மிடமே இருக்கட்டும் என்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். ஏமாந்தவர்கள் கூட்டம் போட்டு அழுததோடு நிறுத்தாமல் ஒரு வங்கியையே கட்டியது நம் சரித்திரத்தில் அதுதான் கடைசி. அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதோடு சரி.

நடுவில் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனி திறந்து 24, 36 சதவீதம் என்று வட்டி சொன்னார்கள். தேக்கு மரம் வளர்த்துத் தருகிறோம், உங்கள் பெண் கல்யாணத்துக்குள் கோடீஸ்வரர் ஆகலாம் என்றார்கள். மரம் முதிர இருபது வருஷம். கம்பெனிகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 1997இல் தமிழக அரசு டெபாசிட்தாரர் நலன் காக்க ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

சட்டம் வந்துவிட்டது, இனி மனிதர்களை நம்பக்கூடாது என்று முடிவு கட்டிய கொங்கு நாட்டு மக்கள் அடுத்தபடியாகப் பறவையை நம்பினார்கள்.

ஈமு சாதாரணக் கோழி அல்ல. 1932இல் ஆஸ்திரேலிய ராணுவம் கோதுமை வயல்களைக் காப்பாற்ற இயந்திரத் துப்பாக்கிகளோடு ஈமுக்கள் மேல் போர் தொடுத்தது. ஈமு ஜெயித்தது. இப்படி ஒரு தேசத்து ராணுவத்தையே ஓடவிட்ட பறவையை, பெருந்துறைப் பக்கம் கொட்டகை போட்டு அடக்கிவிடலாம் என்று நினைத்தது நம் துணிச்சல்.

திட்டம் கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு தருவார்கள். தீவனமும் அவர்களே. வளர்க்கிற கூலி மாதம் 6,000 ரூபாய், வருஷத்துக்கு 20,000 போனஸ், இரண்டு வருஷம் முடிந்தால் கட்டிய பணமும் திரும்பி வரும். நடிகர்கள் டி.வி.யில் வந்து சிபாரிசு செய்தார்கள். 1906இல் சர் பட்டம் செய்த வேலையை 2010இல் சினிமா முகம் செய்தது. குஞ்சைப் பார்க்கவே பிடிக்காதவர்களுக்கும் வழி இருந்தது: பணத்தை மட்டும் கொடுங்கள், கோழியை நாங்களே வளர்த்துக்கொள்கிறோம். அதாவது கோழி தேவையே இல்லை!

ஈமு முட்டையை யார் வாங்குகிறார்கள், கறியை யார் தின்கிறார்கள், ஈரோட்டில் எந்த ஓட்டலில் ஈமு பிரியாணி கிடைக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் போதும். வாங்க ஆளில்லை. குஞ்சு வாங்க வந்த அடுத்த ஆளின் ஒன்றரை லட்சம்தான் முந்தைய ஆளின் 6,000 ரூபாய். 2012 ஆகஸ்டில் அடுத்த ஆள் வரவில்லை. கம்பெனிக்காரர்கள் தலைமறைவானார்கள். ஆயிரக்கணக்கான ஈமுக்கள் தீவனமில்லாமல் பட்டினி கிடக்க, கால்நடைத் துறை போய்ச் சோறு போட வேண்டியதாயிற்று. அந்தக் கதையில் அரசாங்கம் உடனே கவனித்தது ஈமுவை மட்டும்தான்.

இவ்வளவும் மோசடி. மோசடியில் ஒரு சௌகரியம் உண்டு: ஏமாந்தது தெரிந்துவிடும். போலீசுக்குப் போகலாம், நீதிமன்றம் இருக்கிறது, பேப்பரில் படம் வரும். சட்டத்துக்கு உட்பட்டு, முத்திரையோடு, புன்னகையோடு விற்கப்படுகிற மோசமான பேரத்துக்குத்தான் எங்கேயும் போய் முறையிட முடியாது. அதை விற்க வருகிறவருக்கு சர் பட்டம் வேண்டாம். சித்தப்பாவாக இருந்தால் போதும்.

நான் சொல்வது ஆயுள் காப்பீட்டை. அதுவும் அடி வாங்கி வந்த தொழில்தான். தனியார் கம்பெனிகள் பாலிசிதாரர் பணத்தில் விளையாடியதால் 1956இல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி.யைத் தொடங்கினார்கள். மறு வருஷமே அந்தப் பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடி, முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது தெரியவந்து, நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தியே பாராளுமன்றத்தில் கிழித்தார். நம்மூர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டார். அதெல்லாம் பழங்கதை, எல்.ஐ.சி. பாலிசிக்கு இன்று அரசு உத்தரவாதம் உண்டு. பணம் பத்திரமாக இருக்கும். வளருமா என்பது வேறு கேள்வி.

சித்தப்பா மார்ச் மாதம் வருவார். "தம்பி, வருஷம் ஐம்பதாயிரம், இருபது வருஷம். பத்து லட்சம் கட்டுறே, பதினெட்டு லட்சம் வாங்குறே. நடுவுல உனக்கு ஏதாவது ஆனாலும் குடும்பத்துக்குப் பணம்." கேட்டால் எண்பது சதவீத லாபம் மாதிரி இருக்கும். கால்குலேட்டரில் தட்டினால் வருஷத்துக்குச் சுமார் ஐந்தே கால் சதவீதம்தான். அதே ஐம்பதாயிரத்தைத் தபால் நிலையத்தில் பி.பி.எஃப். கணக்கில் 7.1 சதவீத வட்டியில் போட்டிருந்தால் இருபத்திரண்டு லட்சம். நான்கு லட்சம் எங்கே போனது? கொஞ்சம் காப்பீட்டுக்கு, மிச்சம் கம்பெனி செலவுக்கும் கமிஷனுக்கும். முதல் வருஷப் பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கமிஷன் கொடுக்க வெகுகாலம் சட்டமே இடம் கொடுத்தது. சித்தப்பா கொண்டுவந்த மைசூர்பாகு நீங்கள் வாங்கிக் கொடுத்ததுதான்.

2010க்கு முந்தைய யூலிப், அதாவது காப்பீட்டோடு பங்குச் சந்தை முதலீட்டையும் சேர்த்த திட்டங்கள், இன்னும் ஒரு படி மேல். முதல் வருஷப் பணத்தில் பாதிக்கு மேல் கழித்துக்கொண்டவையும் இருந்தன. "மூணு வருஷம் கட்டினா போதும், அப்புறம் அதுவே வளரும்" என்று விற்றார்கள். வளர்ந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியும் காப்பீட்டு ஆணையமும் இது யார் எல்லை என்று சண்டை போட்டு, கடைசியில் அவசரச் சட்டம் வந்து, 2010 செப்டம்பரில்தான் கட்டணங்களுக்குக் கடிவாளம் போட்டார்கள்.

ஆகவே சித்தப்பா வந்தால் காபி கொடுங்கள். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் வெறும் டேர்ம் பாலிசி எடுங்கள். முதிர்வுத் தொகை எதுவும் வராது, அதனால்தான் அது மலிவு. சேமிப்பைத் தனியாக வையுங்கள். "இதில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் சித்தப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். அப்படியும் தாட்சண்யத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும். பீரோவில் வைத்துப் பூட்டுவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள்.