டிராஃபிக் என்று சொல்லும் உரிமை

சென்னையில் தூரம் என்பது அவரவர் வசதியைப் பொறுத்தது. மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் மனை விற்பவர், "தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்" என்று நோட்டீஸ் அடிக்கிறார். இருப்பதோ 50 கிலோமீட்டருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 300 கிலோமீட்டர் வருகிறது. ஜப்பானில் புல்லட் ரயில் ஓட்டுகிறவர் யாராவது அந்த மனையை வாங்கினால் கணக்கு சரியாக இருக்கும். அதே ஊரில் ஆட்டோவில் ஏறி, கண்ணுக்குத் தெரிகிற தெருமுனையைக் கைகாட்டினால், "அது ரொம்ப உள்ள போவணும் சார், ரிட்டர்ன் சவாரி கிடைக்காது" என்கிறார்கள். மொய் எழுத மனமில்லாதவருக்கு எல்லாக் கல்யாண மண்டபமும் தூரம். பந்தி போட்டாயிற்று என்று ஃபோன் வந்தால் எல்லா மண்டபமும் பக்கம்.

நானும் இந்த ஊர்க்காரன்தான். வீடு வளசரவாக்கம், ஆபீஸ் மயிலாப்பூர். ஆற்காடு சாலையைப் பிடித்துக் கிழக்கே வந்து வடபழனி, கோடம்பாக்கம் மேம்பாலம், ஜெமினி என்று தாண்டினால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். காரில் இதற்கு 35 நிமிடமும் ஆகலாம், 75 நிமிடமும் ஆகலாம். நடுவில் ஒரு 40 நிமிடம் கிடக்கிறது பாருங்கள், சம்பளக்காரனின் சுதந்திரம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டாவது காபி, இஸ்திரி போடாத சட்டை, ஊரிலிருந்து மாமா பேசிய ஃபோன், சும்மா கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், எல்லாவற்றையும் அந்த 40 நிமிடத்தில் போட்டு மூடி, ஆபீஸ் வாசலில் "செம டிராஃபிக் சார்" என்று சொல்லிவிட்டால் போதும். மேனேஜர் அனுதாபத்தோடு தலையாட்டுவார். அவரும் அப்போதுதான் வந்திருப்பார்.

சைக்கிளுக்கு மாறியதும் அந்த 40 நிமிடம் பறிபோய்விட்டது.

சைக்கிளின் பெரிய குறை அதன் நேர்மை. சாலை காலியாகக் கிடந்தாலும் என் முழங்கால்கள் மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் சம்மதிப்பதில்லை. சாலை அடைத்துக் கிடந்தாலும், பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு ஹேண்டில்பார் நுழைகிற இடம் எப்படியும் இருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை போனாலும் 50 நிமிடம், முகூர்த்த நாளில் போனாலும் 50 நிமிடம். மெட்ரோ வேலைக்காகச் சாலை நடுவில் தடுப்பு வைத்தபோது கார்க்காரர்கள் எல்லாம் கலங்கிப் போனார்கள். எனக்கோ சாலை குறுகக் குறுக மரியாதை கூடியது. ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரயில் பாதைகள், இரண்டு அடுக்கு. அதற்கும் கீழே, யாரும் டிக்கெட் கேட்காத மூன்றாவது அடுக்கில், செயின் கவர் கடகடக்க நான்.

இதன் விளைவு வீட்டில்தான் முதலில் தெரிந்தது. முன்பெல்லாம் நான் எத்தனை மணிக்கு ஆபீஸ் போய்ச் சேருவேன் என்பது எனக்கே தெரியாது. இப்போது என் மனைவிக்குத் தெரிகிறது. "ஏங்க, எட்டு நாப்பது ஆச்சு. இப்பக் கிளம்பினா ஒம்பதரை. பால் பாக்கெட் வாங்கிக் குடுத்துட்டுப் போனா ஒம்பது முப்பத்தேழு" என்று சமையலறையிலிருந்து ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வருகிறது. சாயங்காலம் இன்னும் மோசம். ஆறு மணிக்கு ஆபீஸை விட்டால் 6.50க்கு வாசலில் மணியடிக்க வேண்டும். ஏழு மணிக்கு ஃபோன் வரும். பாண்டி பஜாரில் பழைய நண்பனோடு ஒரு காபி குடிப்பது என்றால்கூட இப்போது முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

ஆபீஸிலும் ஒருநாள் தாமதமாகப் போய், பழக்க தோஷத்தில், "செம டிராஃபிக் சார்" என்றேன்.

"நீங்க சைக்கிள்லதானே வர்றீங்க?" என்றார் மேனேஜர்.

தலையாட்டல் இல்லை.

சென்னையில் நாற்பதைத் தாண்டிய ஒருவன் சைக்கிளில் போக மூன்று காரணங்கள்தான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. பின்னால் டீ கேன் இருக்க வேண்டும். அல்லது டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். அல்லது உடம்போடு ஒட்டிய பளபள உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமாக ஈ.சி.ஆர். சாலையில் விடியற்காலையில் பறக்க வேண்டும். மூன்றாவது ரகத்தினரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்கூட்டரைவிட விலை கூடிய சைக்கிளில் ஞாயிறு காலை மாமல்லபுரம் வரை போய்த் திரும்பி, பொங்கலும் வடையும் தின்று, இழந்ததை அங்கேயே மீட்டுக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆபீஸுக்குக் காரில் போகிறார்கள். நான் இந்த மூன்றிலும் சேராதவன். முழுக்கைச் சட்டை, பேன்ட் நுனியில் ரப்பர் பேண்ட், கேரியரில் டிபன் பாக்ஸ். ஆகவே என்னைப் பற்றி ஊகங்கள் கிளம்பின. பக்கத்து ஃபிளாட்காரர், "வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா?" என்று ஒரு மாதம் கேட்டார்; பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, பரிதாபமாகச் சிரிக்க ஆரம்பித்தார். விஷயம் எப்படியோ ஊருக்குப் போய், பெரியப்பாவிடமிருந்து ஃபோன். "கஷ்டம்னா சொல்லுப்பா, மனசுக்குள்ளயே வச்சுக்காதே. நம்ம குடும்பத்துல யாரும் அப்படிப் போனதில்லே." இதே பெரியப்பா அந்தக் காலத்தில் அட்லஸ் சைக்கிளில் டைனமோ எரிய, பெரியம்மாவை முன் பாரில் வைத்து, இரண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போனவர்.

ஆபீஸ் செக்யூரிட்டி முதல்நாள் என் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பையனோடதா சார்? பிளஸ் ஒன்ல குடுத்தாங்களா?" என்றார். அரசு தரும் விலையில்லா சைக்கிளைத்தான் சொல்கிறார். இல்லை, காசு கொடுத்து நானே வாங்கியது என்று சொன்னதும் அவருக்கு என்னிடம் இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. கார் நிறுத்துமிடத்தில் விடக்கூடாது, டூவீலர் வரிசையில் விட்டால் இடம் போதாது. கடைசியில் ஜெனரேட்டருக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளோடு ஓர் இடம் ஒதுக்கித் தந்தார். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கி, ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் ஊரெங்கும் ஓடவிட்ட அம்பத்தூர், அந்த ஜெனரேட்டரிலிருந்து அதிகத் தூரமில்லை.

டிராஃபிக் போலீஸ் விஷயத்தில் மட்டும் லாபம். லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் சைக்கிள்காரனை நிறுத்திக் காற்றைப் பிடுங்கிய காலம் மலையேறிவிட்டது. இப்போது அவர்கள் கண்ணுக்கு நான் தெரிவதே இல்லை. வடபழனியில் ஹெல்மெட் சோதனை நடக்கும் அன்று, முன்னால் போகிற பைக் எல்லாம் சந்துக்குள் திரும்ப, நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகப் போவேன். அப்போது கொஞ்சம் மெதுவாகவே மிதிப்பது வழக்கம்.

வேகத்தைப் பற்றிக் கேலி செய்கிறவர்களுக்காக ஒரு சரித்திரம் வைத்திருக்கிறேன். 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர், தான் செய்த இரண்டு சக்கர மரவண்டியில் ஏறி, ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த சத்திரம் வரை போய்த் திரும்பினார். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். அந்த வண்டிக்கு பெடல் கிடையாது, செயின் கிடையாது. காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். அதன் பிறகு பெடல் வந்தது. 1885இல் ஸ்டார்லி செயின் வைத்த ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கினார். இத்தனை பேர் இத்தனை காலம் பாடுபட்ட பிறகு, நான் மணிக்கு 14 கிலோமீட்டர் சொச்சத்தில் போகிறேன். அதாவது டிரைஸின் வேகம். அவருக்கு வடபழனி சிக்னல் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் நான்தான் வேகம். 2022இல் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். உண்மைதான். ஆனால் கூரை போட்ட அரங்கில், வழவழ தளத்தில், குறுக்கே மாடு வராமல் ஓட்டியது அது. கையில் சாம்பார் சிந்துகிற டிபன் பாக்ஸும் இல்லை.

எனக்கும் கன்னாவுக்கும் இருக்கிற ஒரே பொதுப் பகைவன் காற்று. இதில் எனக்கு ஜாதகம் நன்றாக அமைந்துவிட்டது. கோடையில் சென்னைக்குக் காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று. மேற்கே வீடும் கிழக்கே ஆபீஸும் இருக்கிறவனுக்குக் காலையில் முதுகில் ஒரு கை, சாயங்காலம் முதுகில் ஒரு கை. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஆபீஸை விட்டுப் போன நண்பர் ஒருவர் குடியிருப்பது பெசன்ட் நகர். புது வேலை அம்பத்தூரில். காலையில் மேல்காற்று நெஞ்சில், மாலையில் கடல்காற்று நெஞ்சில். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு: மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவனுக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், தடை நான்கு மடங்கு. என்னைப் பார்த்து அவரும் ஆசைப்பட்டு சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னார். நான் ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். சைக்கிள் வாங்குவதைவிட வேலையை மாற்றுவது சுலபம் என்று புரிந்துகொண்டார். மனை விற்பவர்கள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாம் எத்தனை நிமிடம் என்று போடுகிறார்களே, காற்று எந்தப் பக்கம் என்று ஒருவராவது போடுகிறாரா?

அக்டோபர் பிறந்தால் என் ஜாதகமும் மாறும். வடகிழக்குக் காற்று காலையில் எதிரே நிற்கும். 50 நிமிடம் 55 ஆகும். அதோடு மழை, சாலையில் தண்ணீர் நின்றுவிட்டால் பள்ளம் எது, தார் எது என்று சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். அந்த மாதங்களில் நான் பஸ்ஸில் போகிறேன் என்பதை இங்கே சத்தமில்லாமல் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

உண்மையில் என் பயண நேரத்தில் சேர்க்க வேண்டியது வேர்வையைத்தான். ஓட்டும்போது வேர்ப்பதே தெரியாது. காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திய அடுத்த நிமிடம் ஆரம்பிக்கும். கடலோர ஊரின் ஈரக் காற்றில் அது ஆவியாகவும் மறுக்கும். லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியதை மறந்து முதல் மாடியிலேயே இறங்குகிறார்கள். ஆகவே படிக்கட்டு. பிறகு கழிவறை, துண்டு, மாற்றுச் சட்டை, பவுடர். அப்புறம் ஏ.சி.க்கு நேர் கீழே, ஃபைல் தேடுகிற பாவனையில் ஒரு பத்து நிமிடம். ஆகக்கூடி வாசலுக்கு வர 50 நிமிடம், மனுஷனாக 20 நிமிடம்.

இவ்வளவையும் மேனேஜர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை ஜெனரேட்டருக்குப் பின்னால் போனால், என் இடத்தில் ஒரு புத்தம்புது சைக்கிள். சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. கே.கே. நகரில் வீடு, 9 கிலோமீட்டர், 38 நிமிடம் என்று அவரே பெருமையாகச் சொன்னார். அன்றிலிருந்து மனிதர் 9.10க்கு வந்துவிடுகிறார். சட்டை மாற்றிக்கொண்டு, பவுடர் மணக்க 9.30க்கு நாற்காலியில். சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? 9.45க்குத் தினமும் மீட்டிங் என்று சுற்றறிக்கை வந்தது. கார்க்காரர்கள், பைக்காரர்கள், ரயில் மாறி வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து "செம டிராஃபிக் சார்" என்கிறார்கள். அவர் யாரிடமும் கோபப்படுவதில்லை. "சைக்கிள்ல வந்து பாருங்களேன்" என்று மட்டும் சொல்லி, என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்கிறார்.

அந்தப் புன்னகைதான் என்னைக் கெடுத்தது. மதியம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு யாரும் பொரியல் நீட்டுவதில்லை. அப்பளம் என் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. நேற்று கைகழுவும் இடத்தில் அக்கவுண்ட்ஸ் மேடம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இருபது வருஷ சர்வீஸ், பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"தம்பி, சார் சைக்கிள் டயருக்கு குண்டூசி போதுமா, ஆணிதான் வேணுமா?"

டயர் புதுசு, ஆணிதான் வேண்டும் என்றேன்.