நாலு பேருல மூணு பேரு பாக்கல

வா கண்ணு, இந்தத் திண்ணையில சித்த உக்காரு. போன வைகாசியில என்ற பேரன் பண்ணுன கூத்தச் சொல்றேன், கேளு.

ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம். பந்தியில உக்காந்தவன் சட்டையில ஒரு சொட்டு சாம்பார் தெறிச்சுப் போச்சு. வெளிர் நீலச் சட்டை, ஆயிரத்து எண்ணூறு ரூவாயாம். கறை எத்தாச்சோடுங்கற? சுண்டுவிரல் நகத்துல பாதி. எளந்தாரி படக்குனு எந்திரிச்சுப் போயி காருக்குள்ள கதவச் சாத்திக்கிட்டான். பாயசம் வேண்டாம், போட்டோவுக்கும் வரமாட்டேங்கறான். என்னடா சாமின்னு கேட்டா, "நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க, அப்பாரு?"ங்கறான்.

நாலு பேரு! எழுபத்தெட்டு வயசாச்சு, நானுந்தேன் இந்த நாலு பேரத் தேடறேன். வாழைத்தோப்பு காத்துல சாஞ்சப்ப அவிங்க வரல. வாய்க்காத் தண்ணிக்கு நான் சண்ட போட்டப்பவும் வரல. சட்டையில கறை பட்டா மட்டும் எந்தப் பஸ்ஸுல வந்து எறங்குவாங்களோ?

பேத்தி கோயமுத்தூருல மனோதத்துவம் படிக்கறா. அவகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். "இதுக்கு ஆராய்ச்சியே இருக்குதுங்க அப்பாரு"ன்னா. எனக்குச் சிரிப்பு அடங்கிப் போச்சு.

அமெரிக்காவுல கார்னெல்னு ஒரு யுனிவர்சிட்டி. அங்க கிலோவிச்சுங்கற வாத்தியாரும் கூட்டாளிகளும் செஞ்ச வேல, 2000-ல வெளிய வந்துது. பேரி மேனிலோன்னு ஒரு பாட்டுக்காரரு. அவரு மூஞ்சி போட்ட பனியன்னா அந்தக் காலேஜுப் பசங்களுக்கு மானக்கேடு. அதையே ஒவ்வொருத்தருக்கா மாட்டி, மத்தவங்க உக்காந்து எழுதிட்டிருக்கற ரூமுக்குள்ள தாட்டி உட்டாங்க. சித்த நேரத்துல வெளிய கூட்டியாந்து, "பனியன்ல யாருன்னு எத்தன பேரு கண்டிருப்பாங்க?"ன்னு கேட்டாங்க. போட்டவங்க சொன்ன கணக்கு, பாதிப் பேரு. உள்ள இருந்தவங்களக் கேட்டா, நாலுல ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சுதாம்.

கணக்குப் போட்டயா கண்ணு? உன்ற நாலு பேருல மூணு பேரு பாக்கவே இல்ல. மிச்சமிருக்கற அந்த ஒருத்தரும் ஊடு போயிச் சேர்றதுக்குள்ள மறந்திருப்பாரு. இது ஆராய்ச்சியில இல்ல, என்ற சொந்தச் சரக்கு.

ஸ்பாட்லைட் எஃபெக்ட்டுன்னு பேரு வெச்சிருக்காங்களாம். கூத்து மேடையில ராசா மேல அடிக்கற வெளிச்சம் நம்ம மேலயும் அடிக்குதுன்னு நெனச்சுக்கறதாம். நம்ம கறை நம்ம கண்ணுக்குக் கிட்டத்துல கெடக்குது, பெருசாத் தெரியுது. ஊருக்கும் அப்பிடித்தான் தெரியும்னு நெனச்சா எப்பிடி? வயித்து வலிக்காரன் அடுத்தவன் பல்வலிய விசாரிப்பானா?

நம்பலீன்னா இதையும் கேளு. மூணு மாசங் கழிச்சு அந்தக் கல்யாண ஆல்பம் ஊட்டுக்கு வந்துது. நான் ஆல்பத்தப் பாக்கல, பாக்கறவங்களப் பாத்தேன். அல்லாரும் மொதல்ல தேடுனது அவங்கவங்க மூஞ்சியத்தான். சின்னவன் சம்சாரம், கொண்டை சாஞ்சிருக்குதுன்னு வெசனப்பட்டா. மச்சான் தொப்பையப் பாத்துப் போட்டு, போட்டோ புடிச்சவன வைதாரு. என்ற பேரன் ஒரு படத்துலயும் இல்ல. எங்க அவனக் காணோம்னு ஒரு சீவன் கேக்கோணுமே? ஊஹூம்.

இவன்தான் போன்ல ஒரு படம் போடறதுக்குப் பதினோரு படம் எடுக்கறவன். போட்டுப் போட்டு, அடை வெச்ச கோழிய எடுத்தெடுத்துப் பாக்கறாப்புல நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கறான்.

அப்ப சனம் எதையுமே பாக்காதான்னு கேப்ப. நல்லாப் பாக்கும். ஒண்ணுமில்லாதத நெம்ப நல்லாப் பாக்கும். ஸ்டான்லி மில்கிராமுன்னு ஒருத்தரு 1969-ல எழுதி வெச்சிருக்காரு. நியூயார்க்கு வீதியில ஒரு ஆள நிக்க வெச்சு, எதுத்தாப்புல ஆறாவது மாடிச் சன்னல அண்ணாந்து பாக்கச் சொன்னா, போறவங்கள்ல நூத்துக்கு நாலு பேரு நின்னாங்களாம். பதினஞ்சு பேர நிக்க வெச்சா, நாப்பது பேரு. அந்தச் சன்னல்ல பாக்கறதுக்கு ஒரு மண்ணும் இல்ல.

பேத்தி சொல்லி முடிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்த வாரமே புளியம்பட்டிச் சந்தைக்குப் போயி, கூட ரெண்டு கெழவன்களச் சேத்துட்டு ஒரு புளியமரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்தேன். வெத்தல போட்டு முடிக்கறதுக்குள்ள எட்டுப் பேரு சேந்துட்டாங்க. ஒரு அம்மா, "பாம்புங்களா?"ன்னுச்சு. பக்கத்துல நின்னவரு, "ஆமாங்க, வாலு தெரியுதுங்க"ன்னாரு! நான் பொட்டாட்ட நழுவிட்டேன். அன்னிக்கு நான் போட்டிருந்த அங்கராக்கு அக்குள்ல ஒரு சாண் கிழிஞ்சிருந்துது. எட்டுப் பேருல ஒருத்தரும் அதப் பாக்கல. பாம்பு வாலு மட்டும் தெரிஞ்சுதாம்.

சரி, பொழுது போச்சு, கட்டுத்தரையில மாடு கத்துது. பேரன் அந்த நீலச் சட்டைய வேண்டாம்னு வீசிப் போட்டான். ஆயிரத்து எண்ணூறு ரூவா ஆச்சே, நான்தான் எடுத்துப் போட்டுட்டுத் திரியறேன். இப்ப மேல கெடக்கறதும் அதுதான். இத்தன நேரம் எதுக்க உக்காந்திருந்தயே கண்ணு, கறை எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்தயா?