மதுரையில் ஹோம் ரன் எப்போது?

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் கோப்பையை வென்றால் ஊரே திருவிழா ஆகிவிடுகிறதாமே! நம் மதுரைக் கல்லூரிகள் ஏன் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை?
– ஒரு கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: ஆகாமல் இருக்குமா? 2024-இல் டென்னஸி பல்கலைக்கழக அணி அந்தப் பருவத்தில் 60 ஆட்டங்களை வென்றது, தோற்றது 13. ஒமாஹா நகரில் நடந்த இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் பறிகொடுத்து, அடுத்த இரண்டையும் தட்டிப் பறித்தது. கடைசி ஆட்டம் 6-5. ரசிகர்கள் நகம் கடித்தே பசியாறியிருப்பார்கள்! பேஸ்பாலில் டென்னஸிக்கு அதுதான் முதல் பட்டம். முதல்நிலை அணி என்ற முத்திரையோடு நுழைந்து கோப்பையைத் தூக்குவது 1999-இல் மயாமிக்குப் பிறகு அதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை.

நம் கதை வேறு. அமெரிக்க மிஷனரிகள் 1881-இல் அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கினார்கள். கல்லூரியை அமெரிக்கரிடம் வாங்கிக்கொண்ட நாம், மட்டையை மட்டும் ஆங்கிலேயரிடம் வாங்கிக்கொண்டோம்!

ஆனால் கை வளம் நமக்குக் குறைவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-இல் ஒரு தேர்வுப் போட்டியில் ஜெயித்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியில் ஒப்பந்தமானார்கள். அலங்காநல்லூரில் காளையின் திமிலைப் பிடிப்பவருக்குப் பந்தைப் பிடிப்பது பெரிய காரியமா? கையுறை வாங்கித் தர உங்கள் கல்லூரி முதல்வரைப் பிடியுங்கள், அதுதான் கஷ்டம்!