அச்சிறுபாக்கத்தில் தொலைந்த எழுத்து: ஒரு சொல்லாய்வும் ஒரு சம்மட்டியும்

அச்சரப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து தொலைந்திருக்கிறது. அது 'கு'. அதை நான் கண்டெடுத்த இடம் தேசிய நெடுஞ்சாலையின் ஓரம், உப்பு ஏற்றிய ஒரு பழைய லாரியின் இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு அருகே. கண்டெடுக்க நாலரை மணி நேரம் ஆயிற்று.

முதலில் முன்னோர் கொள்கையைச் சொல்லிவிடுவது ஆய்வு மரபு. சம்பந்தர் தேவாரத்தில் இவ்வூர் அச்சிறுபாக்கம். அச்சு இறு பாக்கம். இறுதல் என்றால் முறிதல். திரிபுரம் எரிக்கச் சிவபெருமான் புறப்பட்டபோது பூமி தேர்த்தட்டானது, சூரிய சந்திரர் சக்கரங்களாயினர், நான்கு வேதமும் குதிரைகளாயின, பிரம்மன் சாரதி. இவ்வளவு ஸ்பேர் பார்ட்ஸ் சேகரித்த தேவர்கள் பிள்ளையாரைக் கும்பிட மறந்தார்கள். அச்சு முறிந்தது. ஆட்சீஸ்வரர் கோயிலில் அச்சுமுறி விநாயகர் இன்றும் அதற்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். கங்கை மணல் ஏற்றிவந்த பாண்டிய மன்னனின் வண்டிக்கும் இங்கேதான் அச்சு முறிந்தது என்று இன்னொரு தலவரலாறு உண்டு. ஒரே இடத்தில் இரண்டு பிரேக்டவுன். இரண்டாவது மணல் லோடு என்பதை லாரித் தொழிலில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். ஓவர்லோடுக்கு அப்போதும் யாரோ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

இறுத்தல் என்பதற்கு வரி கட்டுதல் என்றும் பொருள் உண்டு. கல்வெட்டுகளில் நிலத்துக்கு இறை இறுத்தார்கள். இந்த வழியில் போனால், அச்சுக்கு இவ்வளவு என்று இறுக்கும் பாக்கமே அச்சிறுபாக்கம் ஆகும். ஊருக்குத் தெற்கே ஆத்தூர் சுங்கச்சாவடியில் லாரிகளை அச்சு எண்ணித்தான் வசூலிக்கிறார்கள்; இரண்டு அச்சுக்கு ஒரு தொகை, மூன்றுக்கு வேறு தொகை. கொள்கை அழகாகத்தான் இருக்கிறது. சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு, ஃபாஸ்டேக் காலம் வேறு என்ற ஒரே குறையால் அதைக் கைவிட நேர்ந்தது.

என் கொள்கை மூன்றாவது. அச்சு இறவில்லை, இறுகியது. அச்சு இறுகு பாக்கம். 'கு' பிற்காலத்தில் உதிர்ந்துவிட்டது. சக்கரத்தோடு தொடர்புள்ள எதுவும் இந்த ஊரில் தானாக உதிராது என்பதால், இந்த ஒரு எழுத்து உதிர்ந்ததே பெரிய அதிசயம்.

இனி களஆய்வு. லாரி என் மாமாவுடையது, என்னைவிட மூத்தது. மரக்காணத்து உப்பளத்தில் ஏற்றி, திண்டிவனம் வழியாகச் செங்கல்பட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். அச்சரப்பாக்கத்தை நெருங்கும்போது பின்னால் ஒரு சத்தம். டிரைவர் இறங்கி, லிவரால் டயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கழட்டணும்" என்றார். அன்று வழக்கமான டிரைவர் லீவு. இவர் பதிலுக்கு வந்தவர். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

சக்கரச் சிக்கலை இருவகையாகப் பிரிக்கலாம். தரை சக்கரத்தை விடாதது ஒன்று; கர்ணனுடையது அது. ஹப் சக்கரத்தை விடாதது மற்றொன்று, எங்களுடையது. கர்ணனுக்குப் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று யோசனை சொல்லவில்லை என்பதால் அவனுடையதை எளிய வகையாகவே கருதுகிறேன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததும் இரண்டாம் வகையில் அடங்கும் என்பது என் ஐயம். வள்ளல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் சக்கரம் நன்றாக உருண்டுகொண்டிருக்கும் தேரை யாராவது நடுக்காட்டில் விட்டு நடந்து போவார்களா? எந்த ஊர் லாரி ஷெட்டின் பின்புறம் போனாலும் பிரண்டைக்கும் கோவைக்கொடிக்கும் கொடுக்கப்பட்ட வண்டி ஒன்றாவது நிற்கும். அந்த ஓனர்களை யாரும் பாடவில்லை.

ஜாக்கி ஏற்றுமுன் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். டிரைவர் வீல் ஸ்பேனரை மாட்டி, அதில் இரண்டு மீட்டர் பைப்பைச் செருகி, நுனியில் ஏறி நின்றார். அசையவில்லை. குதித்தார். இங்கே கொஞ்சம் கணக்கு. அறுபது கிலோ ஆள், இரண்டு மீட்டர் நெம்பு, புவியீர்ப்பு 9.8, பெருக்கினால் 1,176 நியூட்டன் மீட்டர். பெரிய லாரியின் வீல் நட்டுக்கு ஏறக்குறைய 600 போதும். அதாவது குதிக்காமல் நின்றாலே இரு மடங்கு. ஆனாலும் அசையவில்லை. அரை மணி கழிந்தபின் பஞ்சர் கடைப் பெரியவர் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

"தம்பி, இன்னா பண்றே?"

"நட்டு ஜாம் ஆயிடுச்சு பெரியவரே."

"ஜாம் ஆவல. நீ இறுக்கிக்கினு இருக்கே. இது பழைய வண்டி. லெஃப்ட் சைடு ரிவர்ஸ் மரை."

பிரிட்டிஷ் வழிவந்த பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்க நட்டுகளுக்கு மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். ஓடும் சக்கரத்தின் சுழற்சி நட்டைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக. சைக்கிளின் இடது பெடலிலும் இதே ஏற்பாடுதான்; அதைக் கழற்றப்போய் விரல் முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். மரை கழன்றவன் என்று நாம் ஒருவரை ஏளனம் செய்கிறோம். மரை கழலாதவன் படும் பாடு இப்படி. கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். நான் குறிப்பேட்டில் 'இறுகு' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். என் கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எதிர்ப்பக்கம் குதித்ததும் நட்டுகள் ஒவ்வொன்றாகக் கதறிக்கொண்டு வந்தன. ஜாக்கி ஏறியது. சக்கரம் வரவில்லை. பிடித்திருக்க நட்டே இல்லாதபோதும் சக்கரம் தன் இடத்திலேயே இருந்தது. இது பதவியை விடாதவர்களிடம் மட்டுமே காணப்படும் குணம் என்று நினைத்திருந்தேன். காரணம் வேறு. இரும்பு துருப்பிடித்தால், போன இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அந்தத் துரு அடைத்துக்கொள்ளும். டிஸ்கின் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. அதில் துரு பருத்தால் ஆப்பு அடித்த மாதிரிதான். எங்கள் லாரியோ வாழ்நாளெல்லாம் உப்பு சுமந்தது. ஒவ்வொரு மழையிலும் லோடிலிருந்து உப்புநீர் வடிந்து ஹப்பில்தான் இறங்கியிருக்கிறது.

சிகிச்சைகள் தொடங்கின. கிளீனர் டீசல் ஊற்றினான். ஒருவர் மண்ணெண்ணெய்தான் சரி என்றார். கார்க்காரர் ஒருவர் இறங்கி வந்து நீலமும் மஞ்சளுமான டப்பாவிலிருந்து டபிள்யூடி-40 பீய்ச்சினார். 1953-இல் அமெரிக்காவில் ஏவுகணைத் தகடு துருப்பிடிக்காமலிருக்கக் கண்டுபிடித்தது அது. உப்பு லாரி ஏவுகணையைவிடக் கடினமானது என்று தெரிந்துகொண்டு போய்விட்டார். சம்மட்டியால் டயரின் உள்விளிம்பில் மேலும் கீழுமாக மாறி மாறி அடித்தார்கள். டயர் சம்மட்டியைத் திருப்பி அனுப்பியது. வெல்டிங் கடையிலிருந்து காஸ் கொண்டுவந்து சூடு காட்டலாம் என்று ஒரு குரல். பெரியவர் அன்று கோபப்பட்டது அப்போது மட்டும்தான். காற்றடைத்த டயர் மாட்டிய ரிம்மில் நெருப்பு வைத்தால் உள்ளே ரப்பர் வெந்து வாயுவாகி வெடிக்கும். நெருப்பை எடுத்த பிறகும் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவன் மிஞ்ச மாட்டான். இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் நான் விளையாடவில்லை.

"பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சீங்களா?" என்றார் பூ விற்கும் அம்மா. கிளீனரைக் கோயிலுக்கு அனுப்பினோம்.

அவன் போயிருக்கும்போது பெரியவர் நட்டுகளை மறுபடி மாட்டச் சொன்னார். முழுவதும் இறுக்காமல், சில மரை மட்டும். பிறகு ஜாக்கியை இறக்கி, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, டிரைவரை ஏற்றினார். "ஒரு முழம் முன்னால போ, பிரேக்கு போடு. ஒரு முழம் பின்னால வா, பிரேக்கு போடு." நாலாவது முறை 'டக்' என்றது. சம்மட்டிக்கு வராததை லாரியின் சொந்த பாரம் விடுவித்துவிட்டது. மணியைப் பார்த்தேன். கிளீனர் தேங்காய் உடைத்த நேரமும் ஏறத்தாழ அதுவே என்று பிறகு தெரிந்தது. ஒரே சமயத்தில் இரண்டு காரணிகளை மாற்றினால் விளைவு எதனால் என்று சொல்ல முடியாது. சோதனை முறை கெட்டுவிட்டது. பெரியவரும் பூக்கார அம்மாவும் வெற்றியைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டெப்னியை உருட்டிவரக் கிளீனர் போனான். போகட்டும், அவன் வருவதற்குள் ஒரு குறிப்பு. வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய உதிரிச்சக்கரக் கம்பெனியின் பெயரைத்தான் நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த ஊர்க்காரர்களே மறந்த சொல் மதுராந்தகம் தாலுக்காவில் எழுத்து தேயாமல் இருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார்கள். கூட்டம் ஆரவாரித்தது. நான் குனிந்து அந்த டயரைத் தடவினேன். காற்று கல்லாக நின்றது.

"இதுல பஞ்சரே இல்லையே அண்ணே?"

டிரைவர் என்னைப் பார்க்காமல், ஹப்பில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த உள் டயரைக் காட்டினார். பெரியவர் அணைத்த பீடியைத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டு, "டீசல் இன்னும் கீதா?" என்றார்.